சந்தோஷமா இருக்கியா, திருப்தியா இருக்கியா?

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில், சாயங்கால நேரம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் அரியர் வைத்தவர்கள்தான் வருவார்கள். போன ஏப்ரல் கடைசியில், செமஸ்டர் நெருக்கத்தில், பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து இரண்டு கேள்வி கேட்டேன். இந்த வாரம் சந்தோஷமா இருந்தியா? மொத்தமா உன் வாழ்க்கை உனக்குத் திருப்தியா இருக்கா? இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் போடுவாய் என்பதை எழுதினால் போதும், பெயர் கூட வேண்டாம் என்றேன். பெயர் எழுதாவிட்டாலும் கையெழுத்தை வைத்து யாருடையது என்று தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

பெரும்பாலான தாள்களில் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஆறு, ஏழு. ஐந்து, ஐந்து. இரண்டே தாள்கள்தான் என்னை நிறுத்தின.

ஒன்று காசிமேட்டுப் பையனுடையது. சந்தோஷத்துக்கு 8, திருப்திக்கு 4. அவன் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். "நைனா வூட்லயே கீறாரு சார். ராத்திரி ஆனா கேரம் போர்ட எட்த்துப் போட்டுப்போம். சோக்கா கீது" என்றான். அப்புறம் ஏன் திருப்திக்கு நாலு? "வட்டிக்கு வாங்கித்தான் பீஸ் கட்டிக்கீது. அத்த நென்ச்சா எப்டி சார் திருப்தி வரும்?"

இன்னொரு தாள் பழைய வண்ணாரப்பேட்டைப் பெண்ணுடையது. சந்தோஷம் 3, திருப்தி 8. காலையில் முதல் ஷிஃப்ட் கல்லூரி. மதியத்துக்கு மேல் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடை லீவு விடும் அந்த ஒரு நாள்தான் என்னிடம் வருவாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆனால் சீசன் கூட்டத்தில் யார் உட்காருவது? ராத்திரி வீட்டுக்குப் போகும்போது கால் வீங்கியிருக்கும் என்றாள். அப்படியானால் அந்த 8? "எங்க வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்ச மொத ஆளு நான்தான் சார். முதல் பட்டதாரி சர்டிபிகேட் வந்தப்ப, அந்த பேப்பர எங்கம்மா தெருவுல ஒரு வீடு விடாம காட்டிட்டு வந்தாங்க."

இரண்டு பேருமே உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். நாம் பேச்சுவாக்கில் ஒன்றாகப் போட்டு உருட்டும் இரண்டு விஷயங்களை அவர்கள் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். உளவியலில் இந்தப் பிரிவினைக்கு நாற்பது வருட வரலாறு இருக்கிறது. உலகத்தில் எந்த நாட்டு மாணவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று வருகிற செய்திகளைப் படிக்கும் முன் இதைத் தெரிந்துகொண்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கல்லாப்பெட்டியும் வருடக் கணக்கும்

அமெரிக்க உளவியலாளர் எட் டீனர் 1984-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஒரு மனிதர் நன்றாக இருக்கிறாரா என்பதை வெளியிலிருந்து அளக்காமல் அவரையே கேட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் விஷயம். அகநிலை நல்வாழ்வு என்று தமிழில் சொல்லலாம், ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். அவர் சொன்னது எளிது. இதற்குள் மூன்று துண்டுகள் இருக்கின்றன. இதமான உணர்ச்சிகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பது ஒன்று. கோபம், பயம், கவலை போன்றவை எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பது இன்னொன்று. மூன்றாவது, வாழ்க்கையை மொத்தமாகத் திரும்பிப் பார்த்து நாமே கொடுக்கிற மதிப்பெண்.

முதல் இரண்டும் எதிரெதிர் துருவம் என்று தோன்றும், அப்படி இல்லை. அக்கா கல்யாணத்தன்று வீட்டில் சிரிப்பும் இருக்கும், மொய் எழுத வந்தவர் சொன்ன ஒரு வார்த்தையில் சண்டையும் இருக்கும். அன்றைக்கு இரண்டுமே அதிகம். விடுமுறை நாளில் சும்மா படுத்துக் கிடந்தால் இரண்டுமே குறைவு.

மூன்றாவது துண்டு வேறு ரகம். வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி ஷட்டரை இறக்குமுன் கல்லாப்பெட்டியை எண்ணுவது ஒரு கணக்கு. வருடக் கடைசியில் ஆடிட்டர் முன்னால் நோட்டை விரிப்பது இன்னொரு கணக்கு. கல்லா நிறைந்த நாளிலும் வருடக் கணக்கு நஷ்டம் காட்டலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டதும், கன்டெய்னர் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டதும் கல்லாவில் விழும் செல்லாக் காசு. அவை சந்தோஷத்தைத் தொடும். 'என் வாழ்க்கை சரியாகப் போகிறதா' என்ற கேள்விக்கு அவை அவ்வளவாக வருவதில்லை. அந்தக் கேள்விக்குக் கடன், படிப்பு, அம்மாவின் உடம்பு, தம்பியின் போக்கு எல்லாம் வந்து உட்காரும்.

தமிழுக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. சந்தோஷம், திருப்தி, நிம்மதி என்று மூன்று வார்த்தைகளை நாம் கலக்காமல்தான் புழங்குகிறோம். 'வேலை கிடைச்சதுல சந்தோஷம், ஆனா நிம்மதி இல்ல' என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தமிழில் செய்தியாக்கும்போதுதான் எல்லாம் 'மகிழ்ச்சி' என்ற ஒரே பானைக்குள் போய்விடுகிறது.

எப்படி அளக்கிறார்கள்

உணர்ச்சிகளை அளக்க, கடந்த சில வாரங்களில் உற்சாகம், பயம், பெருமை, எரிச்சல் இதெல்லாம் எவ்வளவு வந்தது என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்பார்கள். அதை விட்டுவிடுவோம்.

வாழ்க்கைத் திருப்திக்கு உலகம் முழுக்க மாணவர்களிடம் அதிகம் ஓடுகிற அளவுகோல், டீனரும் மூன்று பேரும் 1985-ல் வெளியிட்டது. ஐந்தே வாக்கியங்கள். பெரும்பாலும் என் வாழ்க்கை நான் நினைத்தபடியே இருக்கிறது; என் வாழ்க்கை நிலைமை மிக நன்றாக இருக்கிறது; என் வாழ்க்கையில் எனக்குத் திருப்தி; முக்கியமானவை என்று நான் விரும்பியவை இதுவரை கிடைத்திருக்கின்றன; வாழ்க்கையை மறுபடி வாழ நேர்ந்தால் ஏறக்குறைய எதையும் மாற்ற மாட்டேன். தமிழாக்கம் என்னுடையது, மொழிபெயர்ப்புக் குறைக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போட வேண்டும். கூட்டினால் 5-க்கும் 35-க்கும் நடுவில் ஓர் எண் வரும். 20 வந்தால் நடு. 31-ம் அதற்கு மேலும் என்றால் மிகுந்த திருப்தி, 9-ம் அதற்குக் கீழும் என்றால் மிகுந்த அதிருப்தி.

இதை எங்கள் கொட்டகையில் வாசித்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆங்கில மூலத்தில் உள்ளபடி முதலில் 'என் இலட்சியத்துக்கு அருகில்' என்றுதான் எழுதியிருந்தேன். ஒருவன் கை தூக்கி, "இலட்சியம்னா ஐஏஎஸ் மாதிரியா சார்?" என்றான். அவன் தப்பே இல்லை. தமிழில் இலட்சியம் என்றால் மேடையில் மைக் பிடித்துச் சொல்கிற ஒன்று, மனசுக்குள் இருக்கும் 'இப்படி இருந்தா நல்லா இருக்கும்' அல்ல. 'நான் நினைத்தபடி' என்று மாற்றினேன். ஐந்தாவது வாக்கியம் இன்னும் மோசம். 'மறுபடி வாழ நேர்ந்தால்' என்றதும், "அடுத்த ஜென்மத்துலயா?" என்று ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. பிறகு அதைப் பற்றியே அரைமணி நேரம் பேச்சு போயிற்று: அடுத்த ஜென்மத்தில் எந்த ஏரியாவில் பிறப்பது என்று.

செய்தித்தாளில் ஒவ்வொரு மார்ச்சிலும் வருகிற உலக மகிழ்ச்சி அறிக்கை இந்த அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை. அதில் இருப்பது ஏணி. அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் 1960-களில் உருவாக்கிய ஒற்றைக் கேள்வி: 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஓர் ஏணியை மனதில் நினையுங்கள், உச்சிப் படி உங்களுக்குச் சாத்தியமான மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமானது, இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஃபின்லாந்து 2018 முதல் வருடாவருடம் முதலிடம் பிடிப்பது இந்த ஏணிக் கேள்வியில்தான். 2025 அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியா 118-வது. பெயரில்தான் மகிழ்ச்சி இருக்கிறது. தரவரிசையைத் தீர்மானிப்பது வருடக் கணக்கு, கல்லாப்பெட்டி அல்ல. அன்றைக்கு எத்தனை முறை சிரித்தீர்கள் என்பது அந்த வரிசைக்குள் வராது. 'இந்தியர்கள் சோகமானவர்கள்' என்று அதை வைத்துத் தலைப்பு போட்டால், அதற்கு அறிக்கை பொறுப்பாகாது.

மாணவர்களை ஏன் பிடிக்கிறார்கள்

காரணம் ரொம்ப சாதாரணம். பேராசிரியருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வயது, எழுதப் படிக்கத் தெரியும், தாளைக் கொடுத்தால் நிரப்பித் தருவார்கள். அதனால் நாட்டுக்கு நாடு ஒப்பிடச் சௌகரியம். 2008-ல் ஜெஃப்ரி ஆர்னெட் அமெரிக்காவின் முன்னணி உளவியல் இதழ்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். அவற்றில் ஆராயப்பட்ட மனிதர்களில் 96 சதவீதம், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த வகையில், பல நாட்டு மாணவர்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வுகள் ஒரு முன்னேற்றம்தான்.

ஆனால் 'கல்லூரி மாணவர்' என்பது எல்லா ஊரிலும் ஒரே ஆள் இல்லை. 2021-22-ன் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் உள்ளவர்களுக்கு உயர்கல்விச் சேர்க்கை நாட்டு அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. அதாவது இங்கே கல்லூரி வகுப்பறைக்குள், மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளையும், கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டி வளர்த்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். இன்னொரு மாநிலத்தில் அந்த இரண்டாவது பிள்ளை வகுப்பறைக்கே வந்திருக்காது. 'இந்திய மாணவர்களின் சராசரி' என்று ஓர் எண்ணைப் பார்த்தால், எந்த வாசல் வழியாக யார் உள்ளே வந்தார்கள் என்று நான் முதலில் கேட்பேன்.

எதைப் பார்த்து மார்க் போடுகிறோம்

இப்போதுதான் விஷயத்தின் நடுவுக்கு வருகிறோம். 'எந்த நாட்டுக்கு எத்தனை மார்க்' என்பதைவிட எனக்குச் சுவையாகப் படுவது, 'அந்த மார்க்கைப் போடும்போது மனசு எதைப் புரட்டிப் பார்த்தது' என்பது.

1995-ல் எட் டீனரும் மரிஸா டீனரும் 31 நாடுகளில் 13,118 மாணவர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று உண்டு. தன்னைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருப்பவர்களுக்கு வாழ்க்கையிலும் திருப்தி அதிகமாக இருக்கும் என்பது அமெரிக்காவில் கிட்டத்தட்ட விதி மாதிரி. மற்ற நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இணைப்பு எல்லா இடத்திலும் ஒரே வலுவில் இல்லை. தனி மனிதரை முன்னிறுத்தும் சமூகங்களில் கெட்டி, குடும்பமும் கூட்டமும் முன்னால் நிற்கும் சமூகங்களில் நெகிழ்வு. அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது: ஏழை நாடுகளில் பணநிலை பற்றிய திருப்தி, வாழ்க்கைத் திருப்தியோடு கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. காசிமேட்டுப் பையனின் 4 எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் என்னிடம் இல்லை. பணம் இருக்கும்போது பணம் ஒரு தலைப்பு. இல்லாதபோது எல்லாத் தலைப்புக்குள்ளும் அதுதான்.

மூன்று வருடம் கழித்து, 1998-ல், யுன்கூக் சூ, டீனர், ஒய்ஷி, டிரியாண்டிஸ் நால்வரும் இந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்தார்கள். அவர்கள் பார்த்த தரவில் ஒரு பகுதி 40 நாட்டுக் கல்லூரி மாணவர்களிடமிருந்து வந்தது. வாழ்க்கை திருப்தியா என்று கேட்டால், சிலர் உள்ளே பார்க்கிறார்கள்: எனக்கு உள்ளுக்குள் எப்படி இருக்கிறது? சிலர் உள்ளேயும் பார்த்து, சுற்றியும் பார்க்கிறார்கள்: இப்படி வாழ்வதைப் பற்றி நாலு பேர் என்ன நினைப்பார்கள், ஒரு மனிதர் எவ்வளவு திருப்தியாக இருப்பது முறை? தனி மனிதச் சமூகங்களில் உணர்ச்சிதான் மார்க்கைத் தீர்மானித்தது. கூட்டுச் சமூகங்களில் உணர்ச்சியும் சமூக நெறியும் ஏறக்குறைய சரிபாதியாக வேலை செய்தன.

வண்ணாரப்பேட்டைப் பெண்ணின் தாளை இந்த வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள். கால் வீக்கம், தூக்கமின்மை, சூப்பர்வைசர் அதட்டல் எல்லாம் சேர்ந்து உணர்ச்சிக் கணக்கை 3-க்கு இறக்கிவிட்டன. ஆனால் வாழ்க்கைக்கு மார்க் போட உட்கார்ந்தபோது அவள் தன் காலைப் பார்க்கவில்லை. ஒரு காகிதத்தோடு வீடு வீடாகப் போன அம்மாவைப் பார்த்தாள். அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு பாடப்புத்தகத்தை மட்டும் படித்த ஒருவர் இந்தத் தாளைப் பார்த்தால், பெண் மனசை மறைக்கிறாள் என்று நினைக்கலாம். அவள் எதையும் மறைக்கவில்லை. அவள் எழுதிய கணக்கில் வரவு வைப்பவர் அவள் மட்டும் இல்லை, அம்மாவும் அந்தத் தெருவும்தான்.

சரி, தனி மனிதச் சமூகம், கூட்டுச் சமூகம் என்ற இந்தப் பிரிப்பை நான் அவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. ராயபுரத்தில் ஒரே வீட்டில் ஓர் அண்ணன் அந்தக் கட்சி, தம்பி இந்தக் கட்சி. நாடுகளின் சராசரிக்குப் பொருந்துகிற ஒன்றை நம் பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஒட்டவைக்கக் கூடாது. ஆய்வாளர்களே இதை எச்சரிக்கையாகத்தான் சொல்கிறார்கள், செய்தியாக மாறும்போது எச்சரிக்கை உதிர்ந்துவிடுகிறது.

ஷிகெஹிரோ ஒய்ஷி 2002-ல் செய்த இன்னொன்று எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் படிக்கும் மாணவர்கள், ஐரோப்பிய வம்சாவளியினரும் ஆசிய வம்சாவளியினரும், ஒரு வாரம் தினமும் அன்றைய நாள் எப்படிப் போனது என்று குறித்தார்கள். தினசரிக் குறிப்பில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாரக் கடைசியில் 'மொத்தத்தில் இந்த வாரம் எப்படி' என்று கேட்டபோது வித்தியாசம் வந்துவிட்டது: ஐரோப்பிய வம்சாவளியினர் வாரத்தை நல்லபடியாக நினைவு வைத்திருந்தார்கள். நாட்கள் ஒன்று, நினைவு வேறு. அப்படியானால் இரண்டு நாட்டு மாணவர்களின் திருப்தி எண்கள் வேறுபடும்போது, வாழ்க்கை வேறுபட்டதா, அதைச் சொல்லும் பழக்கம் வேறுபட்டதா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜாலியும் நிம்மதியும்

சந்தோஷம் என்ற வார்த்தைக்குள்ளும் இரண்டு சூடு இருக்கிறது. பீச் ஸ்டேஷன் எதிரில் சாயங்காலம் நாலு பேரோடு நின்று, பர்மா நூடுல்ஸான அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் வாங்கி, யார் காசு கொடுப்பது என்று தள்ளுமுள்ளு செய்வது ஜாலி. வேலை முடிந்து வந்து, கடன்காரர் யாரும் கதவைத் தட்டாத ஒரு ராத்திரி, வாசல்படியில் காற்றுக்கு உட்கார்ந்திருப்பது நிம்மதி. மகனுக்கு வேண்டியது முதலாவது, அம்மாவுக்கு வேண்டியது இரண்டாவது. வீட்டுச் சண்டையில் பாதி இதுதான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜீன் சாய் இதைத்தான் ஆராய்ந்தார். நாம் எப்படி உணர்கிறோம் என்பதும், எப்படி உணர ஆசைப்படுகிறோம் என்பதும் வேறு வேறு என்றார். 2006-ல் வந்த ஆய்வில் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள் துள்ளலான உற்சாகத்துக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள். ஹாங்காங் சீனர்கள் அவர்களைவிட அமைதிக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். சந்தோஷத்தை அளக்கும் கேள்வித்தாளில் 'உற்சாகம், ஆர்வம், துடிப்பு' என்று துள்ளல் வார்த்தைகளாகவே அடுக்கியிருந்தால், நிம்மதியை விரும்புகிறவர் அதில் குறைவாகத்தான் வாங்குவார். கேரம் போர்டில் காயின் அடிப்பவரின் மார்க்கை வைத்துச் செஸ் ஆடுபவரை எடை போட்ட கதைதான்.

கண்ணு பட்டுரும்

நம் ஊரில் ஒருவரைப் பார்த்து எப்படி இருக்கீங்க என்று கேட்டால், 'சூப்பரா இருக்கேன்' என்று சொல்பவர் அபூர்வம். 'ஏதோ ஓடுது', 'பரவால்ல', 'உங்க புண்ணியத்துல' என்பதுதான் பதில். வியாபாரம் கொழிக்கிற கடைக்காரர் கூட 'ஏதோ' என்றுதான் தொடங்குவார். நல்லா இருக்கிறதைச் சத்தமாகச் சொன்னால் கண்ணு பட்டுரும். நிறையச் சிரித்த குழந்தையை 'அப்புறம் அழப்போறே பாரு' என்று மிரட்டிய பாட்டி எந்த வீட்டில் இல்லை?

இது நம் தனிச் சொத்து என்று நினைத்திருந்தேன். மொஹ்சென் ஜோஷன்லூ என்ற ஈரானிய உளவியலாளர், மகிழ்ச்சிக்குப் பயப்படுவதை அளக்கவே ஓர் அளவுகோல் செய்திருக்கிறார். 'ரொம்ப மகிழ்ச்சியாக இருந்தால் பின்னாலேயே ஏதாவது கெட்டது வரும்' என்கிற வகை வாக்கியங்கள் அதில் உண்டு. 14 நாட்டுக் குழுக்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் பாட்டி தனியாள் இல்லை.

இப்படி ஒரு பழக்கம் இருக்கிற இடத்தில் 7-க்கு 7 போட யாருக்குக் கை வரும்? ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்கா ஆகிய இடங்களின் பள்ளி மாணவர்களை 1995-ல் ஒப்பிட்டபோது, ஜப்பான், தைவான் பிள்ளைகள் நடு எண்ணை அதிகமாக எடுத்தார்கள், அமெரிக்கப் பிள்ளைகள் ஓர எண்களை எடுத்தார்கள். வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் இருக்கிறது. இன்னொரு பக்கம், எவ்வளவு திருப்தியாக இருப்பது நல்லது என்று கேட்டபோதே சீன மாணவர்கள் நடுவை ஒட்டிய ஓர் இடத்தைத்தான் காட்டினார்கள் என்று டீனர் குழு பதிவு செய்திருக்கிறது. நடுவில் நிற்பதே அழகு என்று நினைக்கிறவரின் 20-ம், உச்சத்தில் இருந்தால்தான் வெற்றி என்று நினைக்கிறவரின் 20-ம் ஒரே எண் இல்லை.

நான் செய்த தப்பு

கேள்வியைக் கேட்கிற வரிசையும் விளையாடும். 1988-ல் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராக்கும் இன்னும் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள்: வாழ்க்கையில் எவ்வளவு மகிழ்ச்சி, போன மாதம் எத்தனை முறை காதலரோடு வெளியே போனாய். மகிழ்ச்சியை முதலில் கேட்டபோது, இரண்டு பதில்களுக்கும் உள்ள தொடர்பு −0.12. கிட்டத்தட்ட ஒட்டே இல்லை. காதல் கேள்வியை முதலில் கேட்டபோது அதுவே 0.66 ஆகிவிட்டது (முழுசாக ஒட்டினால் 1). மனசில் அந்த நேரம் எதைக் கிளறிவிட்டார்களோ, அதையே வாழ்க்கை என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வரிசையின் தாக்கம் சராசரியாக இவ்வளவு பெரிதில்லை என்று தெரிந்தது. அதனால் எல்லாம் மாயை என்று போக வேண்டாம். ஆனால் ஜாக்கிரதை வேண்டும்.

நான்? துண்டுத்தாள் கொடுக்கும் முன், யார் யாருக்கு எத்தனை அரியர் என்ற பட்டியலை ஒரு பத்து நிமிடம் சத்தமாக வாசித்திருந்தேன். அன்றைய எண்கள் எல்லாமே ஒரு படி இறங்கியிருந்தால் ஆச்சரியம் இல்லை. அதை ஆராய்ச்சி என்று சொல்லாமல் விளையாட்டு என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

மொத்தமாக ஒரு மார்க், துறை துறையாக ஒரு மார்க் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. எட் டீனரின் மகன் ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கல்கத்தாவில் குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதையில் வாழ்பவர்கள் என 83 பேரிடம் பேசி 2001-ல் எழுதினார்கள். மொத்த வாழ்க்கைக்கு அவர்கள் கொடுத்தது நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே. குடும்பம், நட்பு, தன் ஒழுக்கம் என்று தனித்தனியாகக் கேட்டபோது நடுக்கோட்டுக்கு மேலே. அவர்கள் மாணவர்கள் இல்லை, இருந்தாலும் வடசென்னையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு முறை படிக்க வேண்டிய ஆய்வு. ஒரு இடம் ஏழ்மையானது என்பதால் அங்கே எல்லாமே சோகம் என்று எழுதுவதும், ஏழ்மையிலும் எப்படிச் சிரிக்கிறார்கள் பார் என்று எழுதுவதும் எனக்கு ஒரே அளவு எரிச்சல். இரண்டுமே ஒரு கேள்வியைத்தான் கேட்டிருக்கின்றன.

உளவியல் படிக்கிற பிள்ளைகள் இப்போதெல்லாம் புராஜெக்டுக்கு இந்த ஐந்து வாக்கியங்களைக் கூகுள் ஃபார்மில் போட்டு வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அப்படிச் செய்பவர்களுக்குச் சொல்ல இரண்டு மூன்று உண்டு. சந்தோஷத்தையும் திருப்தியையும் தனித்தனியாகக் கேளுங்கள், திருப்தியை முதலில். எந்த மாதம் கேட்டீர்கள் என்பதை எழுதி வையுங்கள். காசிமேட்டில் மே மாதமும் ஜூலை மாதமும் ஒன்றில்லை. தமிழாக்கத்தை, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஒப்பிடுங்கள். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் பரவலாக்கிய எளிய உத்தி அது. இரண்டு மொழிக்காரர்கள் ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரி புரிந்துகொள்கிறார்களா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் முறைகளும் இருக்கின்றன. அது தேறாமல் நாட்டுச் சராசரிகளை ஒப்பிட்டால், முழத்தையும் மீட்டரையும் கூட்டியதுபோல் ஆகும்.

ஜூன் கடைசியில் அந்த இரண்டு பேரிடமும் மறுபடி தாள் கொடுத்தேன், இந்த முறை அந்த ஐந்து வாக்கியங்களையும் சேர்த்து, அரியர் பட்டியல் வாசிக்காமல். படகுகள் கடலுக்குப் போயிருந்தன. பையன் சந்தோஷத்துக்கு 5, திருப்திக்கு 6 போட்டான். "நைனா தங்கலுக்குப் போய்ட்டாரு சார், வர பத்து நாள் ஆவும்." வட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். கேரம் போர்டு கட்டிலுக்கு அடியில். அந்தப் பெண் இரண்டு எண்களையும் மாற்றவில்லை. ஐந்தாவது வாக்கியத்தை மட்டும் பேனாவால் அடித்து, 'திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிச்சாலும் இப்டியேதான் வருவேன்' என்று தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பக்கத்தில் 6. ஏன் 7 இல்லை என்று கேட்டேன். "கடை வேற கடையா பாத்திருப்பேன் சார்."